பச்சை விளக்கை நம்பாதீர்கள்: பிரவுசருக்கு வெளியே வெப்சாக்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரங்கிப்பேட்டைப் பக்கம் சில இறால் குளங்களில் எங்கள் கருவிப் பெட்டி இருக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்து, 10 விநாடிக்கு ஒருமுறை கடலூரில் இருக்கும் எங்கள் சர்வருக்கு வெப்சாக்கெட் வழியாக அனுப்பும். வெப்சாக்கெட் என்பது, இரு பக்கமும் நினைத்த நேரத்தில் செய்தி அனுப்பத் திறந்தே வைத்திருக்கும் இணைப்பு. இறால் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், விடியற்காலைதான் பயப்பட வேண்டிய நேரம். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் மூன்று மாத உழைப்பு ஒரே காலையில் போய்விடும்.

முதல் வருடத்தில் ஓர் இரவு அப்படித்தான் ஏரேட்டர் நின்றது. திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, 5.1 என்ற அளவும் இருந்தது. மூன்று மணி நேரமாக அதே 5.1. பெட்டியில் இருந்த சிம் மோடம் ஒரு மணிக்கே டவரை விட்டுவிட்டது என்பது சர்வருக்குத் தெரியவே இல்லை. பண்ணைக்காரர் டார்ச்சோடு கரையைச் சுற்றி வந்ததால் இறால் பிழைத்தது. அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெப்சாக்கெட் பிரவுசருக்காகப் பிறந்தது. அதன் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணம் வெளியானது 2011 டிசம்பரில். எங்கள் ஊரில் அது 'தானே' புயல் அடித்த மாதம். பிரவுசருக்குள் பல வேலைகள் நாம் கேட்காமலே நடக்கும். சர்வர் 'இருக்கிறாயா?' என்று பிங் அனுப்பினால், 'இருக்கிறேன்' என்று பாங் போகும். சர்வர் உண்மையானதுதானா என்று அதன் சான்றிதழ் சரிபார்க்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரைக்கு முன்னால் ஒரு மனிதர் இருப்பார். பக்கம் உறைந்தால் ரிஃப்ரெஷ் செய்துவிடுவார். குளக்கரைப் பெட்டிக்கு அந்த மனிதர் இல்லை. அவர் செய்யும் வேலையையும் நிரல்தான் செய்ய வேண்டும்.

திறந்திருப்பதெல்லாம் உயிரோடு இருப்பதல்ல

வெப்சாக்கெட்டுக்கு அடியில் ஓடும் டிசிபி நெறிமுறையில் இணைப்பு திறந்திருக்கிறது என்றால், அதை மூடச் சொல்லி இதுவரை யாரும் தகவல் அனுப்பவில்லை என்று மட்டும்தான் பொருள். மோடம் செத்தால், மின்சாரம் போனால், அந்தத் தகவலை அனுப்ப ஆளே இருக்காது. எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் வசதி நாமாகக் கேட்டால்தான் இயங்கும். கேட்டாலும் முதல் சோதனையை 2 மணி நேரம் கழித்துத்தான் செய்யும். அனுப்பிய தரவுக்குப் பதில் வராவிட்டால் லினக்ஸ் திரும்பத் திரும்ப முயன்று, ஏறக்குறைய 15 நிமிடம் கழித்துத்தான் கைவிடும். வாங்க மட்டுமே செய்யும் சர்வருக்கு அந்த அறிவிப்பும் கிடையாது.

அதனால் பிங் இரண்டு பக்கத்திலிருந்தும் போக வேண்டும்; குறித்த நேரத்துக்குள் பாங் வராவிட்டால் இணைப்பை நாமே முறிக்க வேண்டும். பைத்தானின் வெப்சாக்கெட்ஸ் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) 20 விநாடிக்கு ஒரு பிங், பதிலுக்கு 20 விநாடி காத்திருப்பு என்றே வருகிறது. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். நடுவில் நின்று இணைப்புகளைக் கடத்தும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் முக்கியம்: அமைப்பை மாற்றாமல் விட்டால், சர்வர் பக்கத்திலிருந்து 60 விநாடி எதுவும் வராத இணைப்பை அது வெட்டிவிடும்.

ஆனால் பிங்கோடு நின்றுவிடக் கூடாது. பாங் அனுப்புவது நூலகம். சென்சாரின் ஒயர் அறுந்து கிடந்தாலும் பாங் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். ஆகவே இணைப்பின் நிலையை வைத்து விளக்கின் நிறத்தை மாற்றாதீர்கள். கடைசி அளவு எப்போது எடுக்கப்பட்டது என்பதை வைத்து மாற்றுங்கள். எங்கள் திரையில் 30 விநாடிக்கு மேல் பழசான எண் சாம்பல் நிறமாகிவிடும்; 2 நிமிடம் தாண்டினால் பண்ணைக்காரருக்கு போன் போகும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. சென்சாரைப் படிக்கும் வேலையையும் வெப்சாக்கெட்டையும் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யும் ஒரே ஈவென்ட் லூப்பில் போட்டுவிடுவார்கள். சென்சார் பதில் சொல்லத் தாமதித்தால் லூப் மொத்தமும் நிற்கும், பாங் போகாது, சர்வர் இணைப்பை முறிக்கும். பழி என்னவோ சிம் கம்பெனி மேல் விழும். சென்சாரை, இணையாக ஓடும் தனி த்ரெட்டில் படியுங்கள்.

மின்சாரம் திரும்பி வரும் நொடி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இப்படிப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஒரு ஃபீடருக்கு (மின்வழிக்கு) மின்சாரம் வந்தால், அதிலுள்ள பெட்டிகள் எல்லாம் ஒரே நொடியில் விழித்து ஒரே நொடியில் சர்வரைத் தட்டும். சர்வர் திணறும், இணைப்புகள் விழும், உடனே எல்லாம் மறுபடி ஒன்றாகத் தட்டும். ஆர்எஃப்சி 6455 இதற்கு வழி சொல்கிறது. முதல் மறுமுயற்சிக்கு முன் 0 முதல் 5 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருங்கள். அதுவும் தோற்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். எங்களிடம் உச்சவரம்பு 2 நிமிடம். இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல் முடிந்த உடனே இடைவெளியைப் பழையபடி குறைத்துவிடாதீர்கள். இணைந்த மறுநொடியே விழும் இணைப்பு, அப்படிக் குறைத்தால் சர்வரை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் நிலைத்த பிறகு குறையுங்கள். சர்வர் 401 (அனுமதி இல்லை) என்று திருப்பினால் அது பெட்டியின் அடையாளச் சாவியான டோக்கனின் பிரச்சினை. எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது.

நீண்ட மின்வெட்டில் இன்னொரு சிக்கலும் வரும். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான சிறு கணினிப் பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நான்கு நாள் கழித்து எழும் பெட்டி, தான் அணைந்த நேரத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த நான்கு நாளுக்குள் சர்வரின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று மறுத்துவிடும். இதைப் பார்த்துப் பயந்து சான்றிதழ் சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏரேட்டரை ஓட்டவும் நிறுத்தவும் சொல்லும் கட்டளை இதே இணைப்பில்தான் வருகிறது. ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு வையுங்கள், இல்லை நெட்வொர்க்கிலிருந்து நேரம் கிடைக்கும்வரை காத்திருந்து இணையுங்கள்.

பாதுகாப்பில் அடுத்தது டோக்கன். பிரவுசரில் வெப்சாக்கெட்டுக்கு கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்களான தலைப்புகளை நாமாகச் சேர்க்க முடியாது என்பதால் பலர் டோக்கனை முகவரியிலேயே ஒட்டுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பெட்டிக்கும் கொண்டுவந்தால் டோக்கன் சர்வர் பதிவேடுகளில் அப்படியே கிடக்கும். பெட்டியில் அந்தத் தடை இல்லை. ஆதரைசேஷன் தலைப்பில் அனுப்புங்கள். எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் தலைப்பைப் பார்த்து ஆளை நம்புவதும் வேண்டாம். பிரவுசருக்கு வெளியே அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

அனுப்பியாயிற்று என்பது போய்ச் சேர்ந்தது அல்ல

சென்ட் கட்டளை பிழையில்லாமல் முடிந்தால், தரவு நம் கணினியின் இடையகத்துக்கு (தற்காலிக நினைவிடத்துக்கு) போயிருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பு அந்நேரம் செத்திருந்தால் அது தொலைந்தது. வெப்சாக்கெட்டில் தானாக மறுபடி அனுப்பும் வசதி இல்லை. ஒவ்வோர் அளவுக்கும் வரிசை எண்ணும் எடுத்த நேரமும் போட்டு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதுங்கள். சர்வர் "இத்தனாவது எண் வரை வந்தது" என்று சொன்ன பிறகே அழியுங்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் சர்வர் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். கட்டளைக்கு மட்டும் காலாவதி நேரம் வையுங்கள். நேற்றிரவு அனுப்பிய "ஏரேட்டரை நிறுத்து" இன்று காலை போய்ச் சேர்வதைவிடத் தொலைவதே மேல்.

சின்ன பலகைக்கு நெறிமுறையைத் தாங்களே எழுதுகிறவர்கள் இரண்டு இடத்தில் விழுகிறார்கள். கிளையன்ட் (இங்கே நம் பெட்டி) அனுப்பும் ஒவ்வொரு சட்டகமும் (செய்தித் துண்டும்) 4 பைட் சாவியால் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வர் இணைப்பை மூடிவிடும். அடுத்தது, ஒரு செய்தி பல சட்டகங்களாகப் பிரிந்து வரலாம். எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். "கடலூர்" என்ற சொல், ஊகாரக் குறியும் புள்ளியும் சேர்த்து ஆறு குறியீடு, 18 பைட். பிளவு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழக்கூடும். துண்டு துண்டாக எழுத்தாக்கினால் குளத்தின் பெயர் கேள்விக்குறிகளாகத் தெரியும். முழுச் செய்தியும் சேர்ந்த பிறகு படியுங்கள். முடிந்தால் நல்ல நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை மழையளவு மட்டும் அனுப்பும் பெட்டிக்கு வெப்சாக்கெட்டே வேண்டாம். சாதாரண எச்டிடிபி போதும். சர்வரிலிருந்து உடனடியாகக் கட்டளை வர வேண்டிய இடத்துக்குத்தான் வெப்சாக்கெட்.

சரி, எல்லாம் எழுதியாயிற்று, எப்படிச் சோதிப்பது? கன்ட்ரோல்-சி அழுத்திப் பார்க்காதீர்கள். அப்படி நிறுத்தினால் இயங்குதளமே இணைப்பை ஒழுங்காக மூடி எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிவிடும். குளக்கரையில் அந்த மரியாதை கிடைக்காது. சர்வரில் ஐபிடேபிள்ஸ் என்ற தடுப்புக் கருவியை வைத்து அந்தப் பெட்டியின் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே போடுங்கள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, திரை சாம்பலாக எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். எங்கள் முதல் பெட்டியில் அரை மணி நேரம் எண்ணியும் பச்சையாகவே இருந்தது. இப்போது 30.