‘குட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருள் பிரித்து அறியும் முறை

சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் நெடுஞ்சாலைகள் பிரியும் கிருஷ்ணகிரியில் சிறிது நேரம் சாலையோரம் நின்றால், லாரிகளின் நெற்றியில் ‘கூட்ஸ் கேரியர்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “நல்லதைச் சுமக்கிற வண்டி என்று அர்த்தமா சார்?” என்று என்னிடம் கேட்டாள். நாம் ‘கூட்ஸ் வண்டி’ என்று நீட்டிச் சொல்லிப் பழகிவிட்டதால், அதற்குள் ‘குட்’ இருப்பது பெரியவர்களின் காதில் விழுவதில்லை, அவளுக்கு விழுந்தது. ஒருவருக்குப் பயன்தரும் உடைமை என்ற பொருளில் அந்தச் சொல் பன்மையாக நின்று, பிறகு விற்பனைச் சரக்கையும் குறிக்கத் தொடங்கியது. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டியைத் தமிழில் ‘சரக்கு மற்றும் சேவை வரி’ என்று எழுதுவதும் இதனால்தான்.

அவள் கேட்ட கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கப் பழகுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ‘குட் என்றால் நல்ல’ என்று மனப்பாடம் செய்தவர், அந்தச் சொல் வரும் வாக்கியங்களில் பலவற்றைத் தவறாகவே படிப்பார்.

முதலில் ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நம் வாயில் ‘நல்ல’ என்ற சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். நல்ல பாம்பு குணத்தில் நல்லதன்று. ‘நல்ல வெயில்’ என்று பென்னாகரத்தில் சித்திரை மாதம் ஒருவர் சொன்னால், தாங்க முடியாத வெயில் என்பதே பொருள். ‘நல்ல அடி’ என்பதும் அப்படியே. நல்ல நாள் என்பது மங்கல நாள். இவற்றுள் ‘நல்ல தண்ணீர்’ என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். உப்புக் கரிக்காத குடிநீரை நாம் அப்படி அழைக்கிறோம். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில், நாக்குக்குத் தெரியாத ஃபுளூரைடு மிகுந்திருந்து பற்களைக் கறையாக்கி எலும்புகளையும் பாதித்ததால்தான், ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டது. வாய்க்கு நல்லதாக இருந்த தண்ணீர் உடம்புக்கு நல்லதாக இருக்கவில்லை. ஆகவே ‘நல்லது’ என்றவுடன் ‘எதற்கு நல்லது?’ என்று கேட்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய பாடம் அன்று.

அந்தக் கேள்வி ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ‘கேதர்’ (ஒன்றுகூட்டு), ‘டுகெதர்’ (ஒன்றாக) என்ற சொற்களோடு ‘குட்’ ஒரே வேரைப் பகிர்கிறது என்றும், ‘பொருந்தியது, இசைந்தது’ என்பதே அதன் ஆதிப் பொருள் என்றும் சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுகின்றனர். கடவுளைக் குறிக்கும் ‘காட்’ என்ற சொல் ஒலியில் நெருங்கியிருந்தாலும் வேறு வேரிலிருந்து வந்தது.

அடுத்ததாக, ‘குட்’ என்பதற்குப் பின்னால் நிற்கும் சிறு சொல்லைப் பாருங்கள். பொருளின் பாதி அங்கேதான் இருக்கிறது. ‘அட்’ வந்தால் திறமை: ‘ஷீ இஸ் குட் அட் மேத்ஸ்’ என்றால் அவள் கணக்கில் கெட்டிக்காரி. நம் பிள்ளைகள் ‘கணக்கில்’ என்பதன் ‘இல்’ உருபை நினைத்து ‘குட் இன்’ என்று எழுதிவிடுகிறார்கள். திறமையைச் சொல்லும்போது ‘அட்’ என்பதே பெருவழக்கு. ‘வித்’ வந்தால் கையாளும் பாங்கு. குழந்தைகளோடு எளிதில் பழகுபவரை ‘குட் வித் சில்ட்ரன்’ என்பார்கள். ‘டு’ வந்தால் அன்பு காட்டுதல். ‘ஹீ இஸ் குட் டு ஹிஸ் மதர்’ என்பது தாயை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்பதாகும். ‘ஃபார்’ வந்தால் இருவேறு வழிகள் உண்டு. கேழ்வரகுக் களி உடம்புக்கு ‘குட் ஃபார் யூ’ என்னும்போது அது நன்மை. ஒரு பயணச்சீட்டு ‘குட் ஃபார் டூ டேஸ்’ என்னும்போது அது இரண்டு நாள் செல்லுபடியாகும் என்பது மட்டுமே.

இனி, முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஹீ லெஃப்ட் தருமபுரி ஃபார் குட்’ என்ற வாக்கியத்தை, ‘அவன் நன்மைக்காகத் தருமபுரியை விட்டுச் சென்றான்’ என்று வகுப்பில் ஒருமுறை பலரும் மொழிபெயர்த்தனர். உண்மையான பொருள் ‘ஒரேயடியாக ஊரைவிட்டுப் போய்விட்டான்’ என்பதாகும். கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் பெங்களூருக்குப் போய், பொங்கலுக்குத் திரும்பும் குடும்பங்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. போனவர் வருவாரா, வரமாட்டாரா என்பது இங்கே இலக்கண ஐயம் அன்று என்பதால், இந்தத் தொடரை மட்டும் நான் இரண்டு நாள் நடத்தினேன். ‘எ குட் டூ அவர்ஸ்’ என்பதில் ‘குட்’ அளவைக் கூட்டுகிறது: இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் என்பது பொருள், நம் ‘நல்ல வெயில்’ நினைவிருந்தால் இது உடனே விளங்கும். ‘ஆஸ் குட் ஆஸ் ஃபினிஷ்ட்’ என்பது முடிந்ததற்குச் சமம், ஆனால் இன்னும் முடியவில்லை என்பதாகும். ஒப்பந்தங்களில் ‘மேக் குட் த லாஸ்’ என்று வந்தால், இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று படிக்க வேண்டும். கையெழுத்திடுமுன் இதை அறிந்திருப்பது அவசியம்.

சட்டத்தில் இச்சொல் எவ்வளவு கவனமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ‘குட் ஃபெய்த்’, அதாவது நல்லெண்ணம், சிறந்த சான்று. 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டத்தின்படி, ஒரு செயல் நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால், அதில் கவனக்குறைவு இருந்தாலும், அது நல்லெண்ணத்தில் செய்ததே. ஆனால் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமோ, உரிய கவனமின்றிச் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகக் கொள்ள முடியாது என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கமே தொடர்கிறது. ஒரே நாட்டில், ஒரே தொடருக்கு, இடத்துக்கேற்ப இரு பொருள்கள். ‘குட் சமாரிட்டன்’ என்ற தொடரையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். விவிலியக் கதையில் வரும் நல்ல சமாரியனிலிருந்து பிறந்த அத்தொடர், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 134அ பிரிவில், விபத்தில் சிக்கியவருக்குக் கைம்மாறு கருதாமல் உதவுபவரைக் குறிக்கிறது. அப்படி உதவும்போது நேர்ந்த கவனக்குறைவால் அடிபட்டவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டாலும், உதவியவர் வழக்கில் அதற்குப் பொறுப்பாகாதபடி அப்பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கும் நம் மக்கள் இந்த ஒரு ‘குட்’டையாவது தவறாமல் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாழ்த்துச் சொற்களில் பிழை நேர்வது எளிது. ‘குட் ஈவினிங்’ சந்திக்கும்போது சொல்வது. ‘குட் நைட்’ விடைபெறும்போது மட்டுமே சொல்வது. இரவு ஒன்பது மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் ‘குட் ஈவினிங்’ என்பதே பொருந்தும். ‘குட்பை’ என்பதோ ‘கடவுள் உங்களோடு இருப்பாராக’ என்ற முழு வாழ்த்து தேய்ந்து, ‘குட் டே’ போன்ற சொற்களின் சாயலில் ‘குட்’டாகத் திரிந்தது. ‘நல்லவேளை’ என்று பொருள்படும் ‘தேங்க் குட்னஸ்’ என்பதில் கடவுளின் பெயரைச் சொல்லத் தயங்கி ‘குட்னஸ்’ என்கிறார்கள். ‘குட் ஃப்ரைடே’யில் உள்ள ‘குட்’ புனிதம் என்ற பழம்பொருளுடையது. தமிழ்க் கிறித்தவர்கள் அதைப் ‘பெரிய வெள்ளி’ என்றும் ‘புனித வெள்ளி’ என்றும் அழைப்பது மிகச் சரியான பெயர்ப்பு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் அயல்நாட்டவரோடு பணிபுரியும் இளைஞர்களுக்கு இன்னொன்று: தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு ‘ஐ ஆம் குட்’ என்று மறுமொழி வந்தால், வேண்டாம் என்று பொருள்.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ‘நைஸ்’ என்பது ‘அறியாதவர்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, முதலில் மூடரைக் குறித்து, நூற்றாண்டுகள் கடந்து இனிமையானவரைக் குறிக்கத் தொடங்கியது. ‘சில்லி’ என்பது அதற்கு நேர்மாறாகப் பேறுபெற்றவரிலிருந்து அசட்டுத்தனத்துக்கு இறங்கியது. அன்பானவரைக் குறிக்கும் ‘கைண்ட்’ என்ற சொல் உறவினரைக் குறிக்கும் ‘கின்’னோடு தொடர்புடையது. அபராதமான ‘ஃபைன்’, நலமாக இருக்கிறேன் என்னும் ‘ஃபைன்’ ஆகிய இரண்டும் முடிவைக் குறிக்கும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள்.

எழுதும்போது இந்த முறையைத் திருப்பிப் பயன்படுத்துங்கள். நீங்கள் எழுதிய ‘குட்’ ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, எதில், எதற்கு, யாருக்கு என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அந்த விடையையே எழுதிவிடலாம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் நானும் ஆண்டுதோறும் ‘குட்’ என்றே எழுதுகிறேன். அங்கே ஒரு சொல்லுக்குத்தான் இடம் உண்டு. ஆனால் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவருக்கு அச்சொல்லை எழுதுவதில்லை. தொலைவிலிருந்து முதல் பேருந்தில் வந்தும் ஓராண்டில் ஒருநாள்கூடத் தாமதமாக வராதவள் என்று எழுதிக் கொடுக்கிறேன்.