4294967297 என்னும் எண்ணைப் பகுப்பது எப்படி?

2இன் 32ஆம் அடுக்குடன் 1ஐக் கூட்டினால் கிடைக்கும் 4294967297 பகா எண்ணே என்று ஃபெர்மா கருதினார். ஆய்லர் 1732இல் அதை மறுத்தார். இந்த எண்ணைக் காகிதத்திலேயே நாமும் பகுத்துவிடலாம். இதன் பகா வகுத்திகள் யாவும் 64ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை என்று ஆய்லரே நிறுவியிருப்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்து ஒதுக்கிவிட்டு, ஐந்தாவதாக 641க்கு வந்துவிடலாம்.

நெடிய வகுத்தல் இல்லாமலே சரிபார்க்கும் வழி இன்னும் அழகானது. 641 = 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴ என்றும் அமைகிறது. ஆகவே 641ஆல் வகுக்கையில் 5 × 2⁷ தரும் மீதியை −1 என்று கொள்ளலாம். அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இங்கே 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இட்டால், −2³² தரும் மீதியும் 1 என்றாகி, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

ஈவாகிய 6700417உம் பகா எண்ணே. எனவே மொத்த வகுத்திகள் நான்கு. அவற்றின் கூடுதல் 4301668356.