இணையதளம் சட்டென்று திறக்க, முதலில் படங்களைக் கவனியுங்கள்

சின்னத் தளம்கூட மெதுவாகத் திறக்கிறதென்றால் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தில் 400 பிக்சல் அகலத்தில் சின்னதாகக் காட்டினாலும், பார்ப்பவரின் டேட்டாவில் 4 எம்பி போகத்தான் செய்யும். ஏற்றும் முன்பே அகலத்தை 1200 பிக்சலுக்குள் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமியுங்கள். ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்து தரும். லேசி லோடிங்கை, அதாவது பார்ப்பவர் நகர்த்தி அருகே வரும்போதுதான் படத்தை இறக்கும் வசதியை, கீழே வரும் படங்களுக்கு மட்டும் போடுங்கள். திறந்ததும் கண்ணில் படுகிற முதல் படத்துக்கும் போட்டுவிட்டால் அதுவே தாமதமாகும், இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

அப்புறம் எழுத்துரு. பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது, அதுவே போதும். அழகுக்காக வேறொன்று வேண்டுமென்றால் ஒரே ஒரு கனத்தில் (சாதாரணம், தடிமன் என்று பலவற்றை ஏற்றாமல்), இணையத்துக்கென்றே சுருக்கிய வோஃப்2 (WOFF2) கோப்பாக, சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் இடம்) ஃபான்ட் டிஸ்ப்ளேவை ஸ்வாப் (font-display: swap) என்று வைத்துச் சேர்த்துவிடுங்கள்; அது வந்து சேரும்வரை போனின் எழுத்துருவில் படித்துக்கொண்டிருக்கலாம்.

தானாக ஓடும் ஸ்லைடர், மூலையில் எட்டிப்பார்க்கும் சாட் பெட்டி? யார் கேட்டார்கள், எடுத்துவிடுங்கள்.

சரி, எல்லாம் முடிந்ததும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற வேகச் சோதனைப் பக்கத்தில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியில் எல்சிபி (LCP, திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ வர ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள் வருகிறதா பாருங்கள்.