குழு விட்டுக் குழு மாறி ஆடும் தாக்குதல் ஆட்டக்காரருக்கு ஒரு கையேடு

தொழில்முறைக் காற்பந்தில் ஒரே குழுவுக்குப் பத்து ஆண்டுகள் ஆடிப் பெயர் பெறுபவர்கள் மிகச் சிலரே. மற்ற தாக்குதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் குழு விட்டுக் குழு மாறி, சில வேளைகளில் நாடும் மாறி, முப்பது வயதைத் தாண்டும் வரை அந்தத் தொழிலில் நிற்கிறார்கள். சிங்கப்பூரில் வளரும் ஓர் இளையர் காற்பந்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பினால் அவருக்கு வாய்க்கக்கூடிய வாழ்க்கை பெரும்பாலும் இதுதான் என்பதால், அதைக் கௌரவமாக நடத்திச் செல்லும் வழிகளை இங்கே எழுதுகிறேன். நான் வட்டார இளையர் குழு ஒன்றுக்குப் பல ஆண்டுகள் மேலாளராக இருந்தவன். என் அக்காள் மகன் எட்டு ஆண்டுகளில் ஐந்து குழுக்களுக்கு ஆடினான். அவனுடைய ஒப்பந்தங்களை எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து வரிவரியாக வாசித்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குழுவில் சேர்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம், அங்கே எத்தனை நிமிடங்கள் களத்தில் இருப்பீர்கள் என்பதை முதலாவதாகவும் சம்பளத்தை இரண்டாவதாகவும் வைத்துப் பாருங்கள். அடுத்த பயிற்றுவிப்பாளர் உங்களைப் பற்றி விசாரிக்கும்போது கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து ஆடினீர்கள், எத்தனை கோல் போட்டீர்கள் என்றுதான் கேட்பார். நல்ல சம்பளத்துக்கு மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்து கழித்த ஓராண்டு, ஒப்பந்தம் முடியும் நாளில் உங்களைக் கேட்பாரற்றவராக ஆக்கிவிடக்கூடும்.

இங்கிலாந்தின் கிராண்ட் ஹோல்ட் இதற்குச் சரியான உதாரணம். 2000களின் தொடக்கத்தில் நம்முடைய சிங்கப்பூர்த் தொழில்முறை லீக்கான எஸ்-லீக்கில் செங்காங் மரின் குழுவுக்கு ஆடியவர் அவர் என்பது இன்றைய இரசிகர்கள் பலருக்குத் தெரியாது. பிறகு இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் பல குழுக்களுக்கு ஆடிய அவர், 2008இல் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டை விட்டு நான்காம் நிலை லீக்கில் இருந்த ஷ்ரூஸ்பரி டவுனுக்கு இறங்கிப் போனார். அங்கே தொடர்ந்து ஆடி, கோல்களைக் குவித்ததால் மறு ஆண்டே நார்விச் சிட்டி அவரை வாங்கியது. நார்விச் அடுத்தடுத்து இரண்டு முறை மேல்நிலைக்கு ஏறியது. 2011-12 பருவத்தில் அவர் பிரிமியர் லீக்கில் 15 கோல் போட்டார். ஒரு படி இறங்குவது அவமானம் என்று அவர் நினைத்திருந்தால் இது நடந்திருக்காது.

எனவே ஓர் அழைப்பு வந்தால், அந்தக் குழுவின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எத்தனை தாக்குதல் ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்களில் வெளிநாட்டவர் எத்தனை பேர், பயிற்றுவிப்பாளர் முன்னால் ஒருவரை நிறுத்துகிறாரா இருவரை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நம் வட்டார லீக்குகளில் வெளிநாட்டவருக்கான இடங்களைக் குழுக்கள் பெரும்பாலும் கோல் போடுபவர்களுக்கே கொடுக்கின்றன என்பதால், உள்ளூர்த் தாக்குதல் ஆட்டக்காரருக்கு இடம் கிடைப்பது மற்ற எந்த நிலையையும் விடக் கடினமாக இருக்கிறது. காஸ்வே பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால் நிலைமை தலைகீழாகிவிடும். அங்கே நீங்கள்தான் வெளிநாட்டவர். முதல் ஐந்து ஆட்டங்களில் கோல் இல்லையென்றால் உங்கள் பெயர்தான் முதலில் அடிபடும். பாசல் குழுவுக்காகச் சுவிட்சர்லாந்து வரை சென்ற சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி, மலேசியாவின் கெடாவிலும் கிளந்தானிலும் ஆடியபோது அந்தச் சுமையோடுதான் ஆடினார். நம் தமிழ்ப் பிள்ளைகள் அவருடைய ஆட்டத்தைப் பழைய ஒளிப்பதிவுகளில் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சிங்கப்பூர் ஆண்கள் கட்டாயமாக ஆற்றும் இரண்டாண்டு தேசிய சேவையை மறந்துவிட்டு யாரும் திட்டம் போடக்கூடாது. விளையாட்டுக்காகத் தள்ளிவைப்பு கிடைப்பது மிக அரிது. 2018இல் இங்கிலாந்துக் குழு ஒன்றில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்றிருந்த இளையருக்கே அது மறுக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளை இழப்பாகக் கருதாமல், யங் லயன்ஸிலோ வேறு உள்ளூர்க் குழுவிலோ அனுமதி பெற்று ஆட முடியுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அதுவும் இயலாவிட்டால் உடலையாவது ஆட்டத்துக்குத் தயாராக வைத்திருங்கள். முழுநேரச் சேவை முடிந்த பிறகும், நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கப் போகிறவர் வெளியேறும் அனுமதி பெற்றாக வேண்டும். விமான நிலையத்துக்குக் கிளம்பும் வாரத்தில் இது நினைவுக்கு வந்து பயனில்லை.

ஒப்பந்தத்தை வாசிக்கும் முறை

இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். என் அக்காள் மகன் அண்டை நாடு ஒன்றில் ஆடியபோது மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. குழு நிர்வாகி ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் அன்பாகப் பேசினார். அவனும் நம்பினான், நாங்களும் நம்பினோம். பொறுமையிழந்த ஒரு நாள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான். எழுத்து மூலம் ஒரு வரிகூட அனுப்பாமல் அவனே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று குழு சொன்னது. சம்பளமும் போய், அடுத்த பதிவும் தாமதமாகி, அரைப் பருவம் வீணாயிற்று. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு, ஏனென்றால் விதியை நான் அப்போது வாசித்திருக்கவில்லை.

ஃபிஃபாவின் விதி தெளிவாகவே இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய நாளில் வராவிட்டால், நீங்கள் குழுவுக்கு எழுத்து மூலம் அறிவித்து, நிலுவையைச் செலுத்தக் குறைந்தது 15 நாள் கெடு கொடுக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வருகிறது. முதலில் கடிதம், பிறகு கெடு, அதன் பிறகே பயணம். வெளிநாட்டுக் குழுவோடு உள்ள பூசலை ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக இரண்டு ஆண்டுகள் மட்டுமே அவகாசம் உண்டு என்பதால், அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடத்திக்கொண்டே போகாதீர்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, குறுஞ்செய்திகள், பயிற்சிக்கு வந்த நாள்கள் ஆகிய அனைத்தையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், அல்லது வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதை ஃபிஃபா விதி ஏற்பதில்லை. எனவே அந்தப் பரிசோதனைகள் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு பருவத்தில் பொதுவாக மூன்று குழுக்கள் வரை பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டங்களில் இரண்டு குழுக்களுக்கே ஆட முடியும். அவசரப்பட்டு மாறும் ஒருவர் மூன்றாவது குழுவில் சம்பளம் வாங்கியபடி வெறுமனே உட்கார்ந்திருக்க நேரிடலாம். நடப்பு ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வேறு குழுவோடு வெளிப்படையாகப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் பருவம் முடிந்த பிறகு தேடத் தொடங்குபவருக்கு மிஞ்சிய இடமே கிடைக்கும்.

சொல்லப்படும் சம்பளம் வரிக்கு முந்தியதா பிந்தியதா என்று எழுத்தில் கேளுங்கள். மலேசியாவில் ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்படலாம் என்பதால், பருவத்தின் நடுவில் சேர்பவர் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குழுவில் ஆடும் சிங்கப்பூரருக்கு, 55 வயது வரை, முதலாளி 17 விழுக்காடும் ஊழியர் 20 விழுக்காடும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குச் செலுத்துகிறார்கள். வெளிநாட்டுக் குழு அதைச் செய்யாது. வெளிநாட்டில் 5,000 வெள்ளி என்பது இங்கே 5,000 வெள்ளிக்கு ஈடாகாது. பிற்காலத்தில் வீடு வாங்கும்போது இந்த இடைவெளி சுடும் என்பதால், வெளியூரில் ஆடும் ஆண்டுகளில் சேம நிதிக் கணக்கில் தாமாகவே பணம் போட்டு வருவது நல்லது.

முகவர் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாடு போக விரும்பினால் வேண்டும். ஆனால் அவர் தேர்வெழுதி ஃபிஃபா உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். தேர்வாட்டத்துக்கு அழைத்துச் செல்ல முன்பணம் கேட்பவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புதிய குழுவில் முதல் மூன்று வாரம்

அடிக்கடி குழு மாறுபவருக்குப் பழகிக்கொள்ளக் கால அவகாசம் கிடையாது. முதல் பயிற்சியிலேயே இரண்டு ஓர ஆட்டக்காரர்களையும் கவனியுங்கள். வலப்பக்கத்தில் ஆடுபவர் இடக்கால்காரரா? அப்படியானால் அவர் உள்ளே வெட்டி வந்து வளைத்துத்தான் போடுவார். நீங்கள் தூரக் கம்பத்தை நோக்கி, தற்காப்பு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓட வேண்டும். கோட்டுக்குப் போய்ப் பின்னால் இழுத்துக் கொடுப்பவர் என்றால், அருகிலுள்ள கம்பத்துக்கு ஓடுவதுபோல் இரண்டு அடி காட்டிவிட்டு, பெனால்டிப் புள்ளிக்கு அருகே நின்றுவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் அவர்களிடம் நேராகவே கேளுங்கள்: “அண்ணே, தலையைத் தூக்கிப் பாத்துட்டுப் போடுவீங்களா, பாக்காமலே போடுவீங்களா?” இந்த ஒரு கேள்வி பல வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

பந்தை வாங்குவதற்கு முன் தோளைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்கும் பழக்கத்தைப் பதினைந்து வயதிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வேகம் இருபத்தெட்டு வயதுக்குப் பிறகு மெல்லக் குறையும். இந்தப் பழக்கம் குறையாது. முதுகைக் கோலுக்குக் காட்டியபடி பந்தைத் தாங்கிப் பிடித்து, நடுக்கள ஆட்டக்காரர் வந்து சேரும் வரை வைத்திருக்கத் தெரிந்தவரைக் கோல் வராத மாதங்களிலும் பயிற்றுவிப்பாளர் வெளியே எடுக்கத் தயங்குவார். களத்தில் கூவும் சொற்களையும் கற்றுக்கொள்ளுங்கள். இங்கும் அக்கரையிலும் “பூசிங்” என்றால் திரும்பு என்பது மலாய் தெரியாதவருக்கும் ஒரு வாரத்தில் பழகிவிடும். தாய்லாந்துக்கோ இந்தோனீசியாவுக்கோ போனால் அங்குள்ள பத்துச் சொற்களை விமானத்தில் ஏறும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். சிங்கப்பூரின் நோ அலாம் ஷா இந்தோனீசியாவின் அரேமா குழுவுக்குப் போய் 2009-10 பருவத்தின் லீக் பட்டத்தை வென்றபோது, அங்குள்ள இரசிகர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராகவே ஏற்றுக்கொண்டார்கள்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாக்குதல் ஆட்டக்காரரை அதிகம் வீழ்த்துவது தொடையின் பின்தசைக் காயம். முழந்தாளிட்டு, தோழர் ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயும் நோர்டிக் பயிற்சி அந்தக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரத்தில் இரண்டு முறை செய்யுங்கள், செலவே இல்லை. ஜாலான் புசார் போன்ற செயற்கைப் புல்தரையில் ஆடும் வாரங்களில் காலணியின் அடிப்பகுதி அதற்கு ஏற்றதா என்று பாருங்கள்.

அலெக்சாண்டர் டூரிச்சின் வாழ்க்கை இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிறது. பொஸ்னியாவுக்காக 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் படகோட்டிய அவர், 1999இல் தஞ்சோங் பகார் யுனைடெட்டுக்கு ஆட இங்கு வந்தார். பிறகு கேலாங் யுனைடெட், ஆயுதப்படைக் குழு, தெம்பனிஸ் ரோவர்ஸ் என்று மாறி ஆடி, 2007இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு 37 வயதில் தேசியக் குழுவுக்கான முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோல்களைப் போட்டார். 2014இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 44. உணவிலும் உறக்கத்திலும் அவர் காத்த ஒழுக்கத்தை இங்குள்ள ஆட்டக்காரர்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள்.

பணத்தோடு வரும் அந்நியர்

சம்பளம் தாமதமாகும் குழுக்களைத் தேடித்தான், பணம் கொடுத்து ஆட்ட முடிவை முன்கூட்டியே நிர்ணயிக்கும் கும்பல்கள் வருகின்றன. தொடக்கத்தில் காலணி, சாப்பாடு, சிறு கடன் என்று நட்பாகவே தொடங்கும். ஒரு வாய்ப்பைத் தவறவிடுவதற்குப் பணம் வாங்கினாலும் அது ஊழலே. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அதற்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காற்பந்திலிருந்து வாழ்நாள் தடையும் வரக்கூடும். அணுகப்பட்டால் அன்றே லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் சொல்லுங்கள். சக ஆட்டக்காரர் வழியாக அழைப்பு வந்தாலும் இதே வழிதான். அது மனத்தை மிகவும் வருத்தும் என்று எனக்குத் தெரியும், இருந்தும் சொல்கிறேன்.

குழுக்களே மறைந்துபோகும் தொழில் இது. செங்காங் மரின் என்ற பெயரில் இன்று குழு இல்லை. ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற வாரியர்ஸ் குழுவும் (முன்னாள் ஆயுதப்படைக் குழு) 2020 முதல் லீக்கில் இல்லை. ஆகவே ஆடிக்கொண்டிருக்கும்போதே, பருவ விடுமுறைகளில், ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் ‘சி’ நிலைப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். பிறகு ‘பி’ நிலைக்குப் போகலாம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் தொடங்கினால் நெருக்கடி இல்லை. என் அக்காள் மகன் இருபத்தொன்பதில் ‘சி’ நிலையை முடித்தான். இப்போது சனிக்கிழமை காலைகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பந்து வருவதற்கு முன் தோளைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறான். மாலையில் தன் குழுவின் பயிற்சிக்குப் போகிறான்.