மணல் தட்டு இருக்க, பூனை ஏன் தரையில் போகிறது?

"தட்டு வெச்சிருக்கேன், மணலும் மாத்துறேன். ஆனாலும் பட்டாலைல போயித்தான் ஒன்னுக்கு இருக்கு ஆச்சி. வேணும்னே பண்ணுது." காரைக்குடிப் பக்கம் பூனை வளர்க்கிறவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான். பட்டாலை என்றால் வீட்டுக் கூடம்.

அந்த "வேணும்னே"வை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. உடம்பில் எங்கோ வலிக்கிறது, அல்லது தட்டு பிடிக்கவில்லை, அல்லது தட்டு வரை போக வழியில்லை, அல்லது எதையோ கண்டு மிரண்டிருக்கிறது. இந்த நாலில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாங்கள் இருப்பது பள்ளத்தூரில், பழைய காலத்துக் கட்டு வீடு. செவத்தான் என்று ஒரு ஆண், மிளகு என்று வயதான பெட்டை. இந்த ஊர் வீடுகளுக்கென்றே சில சங்கதிகள் இருப்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒழுங்காகத் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று மாறினால் முதலில் கால்நடை மருத்துவர்தான். தட்டு, மணல் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். ஆண் பூனை என்றால் இதை மனதில் அழுத்திப் பதித்துக்கொள்ளுங்கள்: அடிக்கடி போய்க் குந்துகிறது, முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, முனகுகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஆணுக்கு அந்தக் குழாய் நுனியில் மிகவும் குறுகல். மணல்போன்ற பொடிக் கல்லோ சளிக் கட்டியோ வந்து அடைத்துக்கொண்டால் போதும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான் அவகாசம். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். விடியட்டும் என்றும் இருக்க வேண்டாம். உள்ளூர் மருத்துவர் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னால் நம் பக்கத்துக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி கிடையாது. அரை மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

வயதான பூனை நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போனால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இளவயதுப் பூனைகளுக்கு மூத்திரப்பை வீங்கி வலிப்பது உண்டு. சோதித்தால் பெரும்பாலும் கிருமி எதுவும் இருக்காது, மனக் கலக்கமே பெரிய காரணமாக இருக்கும். அதனால்தான் மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதில் பலனில்லை என்கிறேன். நம் பக்கத்து வெயிலுக்குத் தண்ணீரும் முக்கியம். பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பிராணி. காய்ந்த பாக்கெட் தீனி மட்டும் போடாமல், உப்பில்லாமல் வேகவைத்த மீனை அந்த வெந்த நீரோடு வையுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவும் உப்பு.

உடம்பு சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, பூனை எப்படிப் போகிறது என்று ஒளிந்திருந்தாவது பாருங்கள். குந்தி உட்கார்ந்து தரையில் ஒரு குட்டையாக விட்டால் அது தட்டுப் பிரச்சினை. நின்றபடி வாலைத் தூக்கி, வால் நுனி படபடக்க, தூணிலோ சுவரிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எந்த இடம் என்று தெரியாமல் நாற்றம் மட்டும் வந்தால், கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன ஊதா டார்ச் ஒன்று வாங்கி, விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் வெளிர் மஞ்சளாக ஒளிரும். தூண் அடி, மரப்பெட்டிக்குப் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, இந்த மூன்று இடத்தையும் விடாமல் பாருங்கள்.

இனி தட்டு. நம் வீடுகளில் தட்டு எங்கே இருக்கும்? வந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அடுப்படியையும் தாண்டி பின்கட்டில் இருக்கும். பூனை படுத்திருப்பதோ முகப்பிலோ, நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவிலோ. இரவு பத்து மணிக்கு வளவுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவோம். அந்தக் கதவின் கனம் உங்களுக்கே தெரியும், பூனை தள்ளியா திறக்கப்போகிறது? அது என்ன செய்யும் பாவம், இருக்கிற பக்கத்திலேயே ஒரு மூலையைப் பார்க்கும். காலையில் பட்டாலையில் ஈரத்தைப் பார்த்து நாம் திட்டுவோம். இரவில் எந்தக் கதவுகளைச் சாத்துகிறோம், சாத்தியபின் பூனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். பூனை இருக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தட்டு வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டித் தட்டு வைப்பது பொதுக் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான்.

கடையில் விற்கிற தட்டுகள் பெரும்பாலும் சின்னவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். துணி அடுக்கி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தில் மட்டும் வாசல்போல வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மிளகுக்கு மூட்டு வலி, உயரமான விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்க முடியாது. வாசலை நாலு விரல் உயரத்துக்கு இறக்கி வெட்டிய பிறகுதான் அது நிம்மதியாக உள்ளே போனது. வயதான பூனை வைத்திருப்பவர்கள் இதை முதலில் செய்து பாருங்கள். மூடி போட்ட தட்டு நமக்கு அழகு, பூனைக்கு உள்ளே நாற்றம்.

மணல் நைசாக, வாசனை சேர்க்காததாக, நனைந்தால் கட்டியாகிறதாக இருக்கட்டும். பென்டோனைட் மண் அப்படிப்பட்டது. இரண்டு அங்குல உயரம் போதும். எது பிடிக்கும் என்று சந்தேகமாக இருந்தால் இரண்டு தட்டில் இரண்டு வகை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அதுவே சொல்லிவிடும். காலையும் மாலையும் கட்டிகளை அள்ளிவிட வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யுங்கள். சில பூனைகளின் மலத்தில் வருகிற டாக்சோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிர் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினம் அள்ளுவது எல்லாருக்குமே நல்லது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மணல் தட்டு கூடவே கூடாது.

சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகளில் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். மூத்திரம் என்றதும் கை பினாயில் பாட்டிலுக்குப் போகும். கறுப்புப் பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு விஷம். தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அப்படியே உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம்: மூத்திரத்தில் உண்டாகிற அம்மோனியாவோடு சேர்ந்தால் கிளம்பும் வாயு நம் நெஞ்சையே அடைக்கும். பூனை வராமலிருக்க மூலையில் பாச்சை உருண்டை வைப்பதும் விஷம்தான். மிளகாய்த்தூள் தூவுவதைக் கொடுமை என்றுதான் சொல்வேன், கண்ணிலும் பாதத்திலும் பட்டு அது துடிக்கும்.

எலுமிச்சையும் வினிகரும் நல்லவைதானே என்பீர்கள். நம் வீட்டுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆகாது. அது கண்ணாடித் தகட்டின்மேல் நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. புளிப்பு பட்டால் பளபளப்பு அரித்து அந்த இடம் வெளுத்துவிடும். சுண்ணாம்பு அரைத்துப் பூசிய சுவருக்கும் பளிங்குத் தரைக்கும் அதே கதிதான்.

சரி, என்ன செய்வது? ஈரத்தைத் தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். என்சைம் உள்ள சலவைத்தூள் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடைத்துவிடுங்கள். பூனை மூத்திரத்துக்கென்றே விற்கிற என்சைம் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. கல்லின் இடுக்குகளுக்கு ஒருமுறை போதாது, மறுநாளும் செய்யுங்கள். முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு கல்லில் சோதித்துக்கொள்ளுங்கள். ஜமுக்காளத்தையும் மெத்தையையும் நன்றாக நனைத்து ஊறவைக்க வேண்டும், மேலாகத் துடைத்தால் உள்ளே நாற்றம் தங்கிவிடும். நமக்கு நாற்றம் போய்விட்டது என்று தோன்றினாலும் பூனை மூக்குக்குப் போயிருக்காது. மிச்சமிருக்கும் வாசனையே அதை மறுபடி அங்கே கூப்பிடும்.

தூணில் பீய்ச்சுகிற பூனைக்கு முதல் வழி கருத்தடை. ஆண்களில் பத்துக்கு ஒன்பதில் அந்தப் பழக்கம் நின்றுவிடும் அல்லது நன்றாகக் குறைந்துவிடும், ஆனால் சில வாரம் பொறுக்க வேண்டும். அப்பத்தா மாதிரிப் பெரியவர்கள் பாவம் என்பார்கள். தெருவில் அடிபட்டு, சீழ் பிடித்து வருகிற ஆண் பூனைகளைக் காட்டித்தான் நான் பதில் சொல்வேன். இன்னொன்று, நம் வளவு முற்றம் வானம் பார்த்தது. ஊரில் இருக்கிற தாட்டுப் பூனைகள், அதாவது ஆண் பூனைகள் எல்லாம் ஓட்டு வழியாக வந்து இறங்கும். கம்பி போட்டிருந்தாலும் இடைவெளி பெரிதாக இருந்தால் நுழைந்துவிடும். அவற்றின் வாசனை பட்டதும் வீட்டுப் பூனை, "இது என் இடம்" என்று தூணுக்குத் தூண் எழுதி வைக்கும். கம்பிக்குக் கீழே சின்னக் கண் வலை அடித்துவிடுங்கள்.

கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று பங்காளிகள் மொத்தமும் வந்து இறங்கும்போது எந்தப் பூனையும் கலங்கும். சாமான் இறக்கத் தொடங்கும் முன்பே மேல்மாடி அறை ஒன்றில் தட்டு, தண்ணீர், அது படுக்கும் பழைய சேலை எல்லாம் வைத்து உள்ளே விட்டுவிடுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அடுப்படி ஓய்ந்து, பந்தல் பிரித்து, வீடு பழையபடி ஆன பிறகு வெளியே விடலாம்.

அடிக்காதீர்கள், மூக்கைக் கொண்டுபோய் மூத்திரத்தில் தேய்க்காதீர்கள். அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும். எங்கே போகிறதோ அந்த இடத்திலேயே ஒரு தட்டை வையுங்கள், பட்டாலை நடுவில் என்றாலும் பரவாயில்லை. அதில் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் தினம் ஒரு சாண் வீதம் உங்களுக்குத் தோதான இடம் நோக்கி நகர்த்துங்கள். தட்டு நன்றாகத் தள்ளிப் போன பிறகு, காலியான பழைய இடத்தைச் சுத்தம் செய்து அங்கே சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்தால், சாப்பிடுகிற இடத்தில் பூனை போகாது. இடையில் மறுபடி தரையில் போனால் தட்டை முந்தைய இடத்துக்கே கொண்டுபோய், அடுத்த முறை அரைச் சாணாக நகர்த்துங்கள்.