சின்ன மரவேலைக்கு எடை குறைந்த மைட்டர் சா: பார்த்து வாங்குவது எப்படி?

மைட்டர் சா என்றால் சட்டத்தைக் குறுக்கே நேராகவோ கோணமாகவோ அறுக்கும் மெஷின். அதை வாங்கும் முன், முதலில் அளக்க வேண்டியது நீங்கள் அறுக்கும் மரத்தை. அடிக்கடி கைக்கு வரும் சட்டம், பீடிங், ஸ்கர்ட்டிங் ஆகியவற்றில் அகலமானது எது, தடிமனானது எது, 45 டிகிரியில் அறுக்க வேண்டியது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 100 மி.மீ. அகலச் சட்டத்தை 45 டிகிரியில் அறுத்தால் பிளேடு கடக்க வேண்டிய தூரம் 141 மி.மீ. ஆகிவிடும். நேர் வெட்டுக்குப் போதும் என்று வாங்கிய மெஷின், ஃபிரேம் செய்யும்போது கடைசி ஓரத்தை அறுக்காமல் நின்றுவிடும்.

எந்த அளவு பிளேடு

தூக்கிக்கொண்டு போய் வேலை செய்ய மூன்று வகைதான் பொருந்தும்.

7¼ அங்குல (184 மி.மீ.) ஸ்லைடிங் மெஷின், அதாவது பிளேடும் மோட்டாரும் உள்ள தலை கம்பியில் முன்னும் பின்னும் நகரும் வகை, பெரும்பாலும் 10 முதல் 13 கிலோ இருக்கும். சுமார் 50 மி.மீ. தடிமன் வரை அறுக்கும். அகலம் 200 மி.மீ. அளவில் கிடைக்கும், சில மாடல்களில் 250 வரை போகும். அலமாரித் தட்டு, கதவு பீடிங், படச்சட்டம் என்று வேலை செய்பவர்களுக்கு இதுவே சரியான தேர்வு.

ஸ்லைடு இல்லாத 10 அங்குல மெஷின் 11 முதல் 15 கிலோ. 70 முதல் 90 மி.மீ. தடிமன் வரை அறுக்கும், ஆனால் அகலம் 130, 140 மி.மீ. தாண்டாது. தலை ஒரே கீலில் மேலும் கீழும் மட்டும் அசைவதால் ஆட்டம் குறைவு, கோணம் நிலைத்து நிற்கும். கட்டில் கால், தடித்த சட்டம் போன்றவை அதிகமானால் இதை எடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் 216 மி.மீ. ஸ்லைடிங் வகை. 60 முதல் 70 மி.மீ. தடிமன், 270 முதல் 300 மி.மீ. அகலம், எடை 12 முதல் 17 கிலோ. ஒரே மெஷினில் எல்லாம் வேண்டும் என்றால் இது. 10 அங்குல ஸ்லைடிங் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டிவிடும், 12 அங்குல ஸ்லைடிங் அதைவிடவும் கனம். மாடிப்படி ஏறும் வேலைக்கு இரண்டும் வேண்டாம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது 90 டிகிரி நேர்வெட்டின் அளவு. தலையைச் சாய்த்து பெவல் வெட்டும்போது தடிமன் நன்றாகக் குறையும், அந்த எண்ணைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

எடை குறைவதன் விலை

எடையைக் குறைக்க வேண்டுமானால் அடித்தட்டு மெலிய வேண்டும், ஸ்லைடு கம்பி சிறுக்க வேண்டும், ஃபென்ஸ் (மரத்தைச் சாய்த்து வைக்கும் பின் தடுப்பு) தாழ வேண்டும். துல்லியம் கெடுவதும் இந்த மூன்று இடங்களில்தான். ஆகவே இரண்டு கிலோ குறைவு என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கடையில் பிளக் போடாமல், பேட்டரி மாட்டாமல் இதையெல்லாம் பாருங்கள். தலையை முழுவதும் வெளியே இழுத்து, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். லேசாக வளைந்து திரும்பி வந்தால் பரவாயில்லை. 'டக்' என்று தட்டுகிற ஆட்டம் கைக்குத் தெரிந்தால் அது பேரிங் அல்லது புஷ்ஷில் உள்ள இடைவெளி. வெட்டு அலைவதற்கு அது போதும். அடுத்து ஃபென்ஸின் இரண்டு பாதிகளுக்கும் குறுக்கே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கோணத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் பயனில்லை. பிறகு டேபிளை 45 டிகிரி பள்ளத்தில் விழவைத்துப் பூட்டி, கையால் தள்ளிப் பாருங்கள். அசையவே கூடாது.

பிளேடு 90 டிகிரியில் நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே வைக்கும்போது அது பிளேடின் தட்டையில் படிய வேண்டும். பல்லின் மேல் பட்டால் அளவு பொய் சொல்லும், ஏனென்றால் கார்பைடு பல் அந்தத் தட்டைப் பகுதியை விடத் தடிமன்.

வெட்டிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. இருபுறமும் இணையான ஓரமுள்ள பலகையை நேராக அறுத்து, ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டையும் ஃபென்ஸோடு ஒட்டி முகத்தோடு முகம் சேருங்கள். தெரிகிற இடைவெளி உண்மையான பிழையைப் போல் இரு மடங்கு, அதனால் சின்னக் கோணலும் கண்ணில் படும். நாலு மூலை ஃபிரேமில் 8 வெட்டு. வெட்டுக்கு கால் டிகிரி ஒரே பக்கமாகத் தவறினால் கடைசி மூலையில் 2 டிகிரி சேர்ந்துவிடும். 40 மி.மீ. பீடிங்கில் அது ஏறக்குறைய 2 மி.மீ. வாய் பிளப்பு. புட்டி வைத்து மறைக்கிற அளவல்ல.

பேட்டரியா, ஒயரா

ஒரே இடத்தில் நாள் முழுக்க அறுப்பதென்றால் ஒயர் மெஷின். மோட்டார் மெதுவாக வேகம் பிடிக்கும் 'சாஃப்ட் ஸ்டார்ட்' இருந்தால் எடுங்கள், ஸ்விட்சை அழுத்தியதும் சின்ன மெஷின் துள்ளாது. நீள எக்ஸ்டென்ஷன் போடும்போது 2.5 ச.மி.மீ. ஒயர் பயன்படுத்துங்கள், சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் ஒயர் சூடேறும்.

வீட்டுக்கு வீடு போய் பத்து, இருபது வெட்டு வெட்டுபவர்களுக்கு 18 வோல்ட் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) பேட்டரி மெஷின் வசதி. கையிலுள்ள டிரில்லின் பேட்டரியே இதற்கும் பொருந்துமா என்று பாருங்கள். கடையில் எடை கேட்கும்போது பேட்டரியோடு எவ்வளவு என்று கேளுங்கள், 5 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி அரை கிலோவுக்கு மேல் இருக்கும்.

லேசர் கோட்டை விட, பிளேடின் நிழலை மரத்தில் விழவைக்கும் எல்இடி விளக்கு நல்லது. நிழல் விழும் அகலமே வெட்டின் அகலம், அதைத் திருத்தி வைக்க வேண்டிய வேலையே இல்லை.

பிளேடை மாற்றிவிடுங்கள்

184 மி.மீ. மெஷினோடு பல நேரம் 24 பல் பிளேடுதான் வரும். அது சாரத்துக்கு, மறைவான சட்டத்துக்குச் சரி. பார்வையில் படும் வேலைக்கு 40 முதல் 60 பல், 10 அங்குலத்துக்கு 60 முதல் 80 பல் போடுங்கள். பல்லின் சாய்வு மைனஸ் 5 டிகிரி அளவில் பின்னோக்கி இருக்க வேண்டும். அதே விட்டத்தில் கை சர்க்குலர் ரம்பத்தின் பிளேடு எங்கும் கிடைக்கும், பல நேரம் துளையும் பொருந்திவிடும். ஆனால் அதன் பல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் மரத்தைக் கவ்வி இழுக்கும். ஸ்லைடிங் மெஷினில் தலையே உங்கள் பக்கம் பாய்ந்து வரக்கூடும். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று வேகம் மெஷினின் வேகத்தை விடக் குறையக் கூடாது.

மெல்லிய பிளேடு மோட்டாருக்கு இலகு. ஆனால் அவசரப்பட்டு அழுத்தினால் வளையும், வெட்டு முகம் குழிந்துவிடும். முழு வேகம் வந்த பிறகே இறக்குங்கள்.

அறுக்கும் முறை

ஸ்லைடில் தலையை உங்கள் பக்கம் இழுத்து, ஓட்டி, இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளி அறுக்க வேண்டும். இழுத்தபடி அறுக்கக் கூடாது. இப்படித் தள்ளும்போது முன்னேறும் பக்கத்துப் பல் கீழிருந்து மேலே வருவதால் பிசிறு மேல்முகத்தில் எழும். ஸ்லைடு இல்லாமல் நேராக இறக்கினால் பிசிறு அடியிலும் ஃபென்ஸ் பக்கமும் வரும். எனவே நல்ல முகத்தைத் தள்ளி அறுக்கையில் கீழேயும், இறக்கி அறுக்கையில் மேலேயும் வையுங்கள். லேமினேட் ஒட்டிய பலகைக்கு அதோடு, அடித்தட்டிலும் ஃபென்ஸிலும் 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒட்டி, அதையும் சேர்த்து அறுத்தால் பிளேடு ஓரத்துக்குத் தாங்கு கிடைக்கும்.

சின்ன மெஷினின் டேபிள் குறுகியது. நீளச் சட்டம் தொங்கினால் அறுபடும் முனை மேலே எழும்பி பிளேடைப் பிடிக்கக்கூடும். அடித்தட்டின் உயரத்துக்கே இரண்டு மரக்கட்டை தயார் செய்து இருபுறமும் வையுங்கள். கை பிளேடிலிருந்து 150 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். அதைவிடக் குட்டையான துண்டுக்குக் கிளாம்ப் போடுங்கள், அல்லது சட்டம் நீளமாக இருக்கும்போதே அதிலிருந்து அறுத்தெடுங்கள். வெட்டு முடிந்ததும் ஸ்விட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்க வேண்டும். சுழலும்போதே தூக்கினால் அறுந்த துண்டு பறக்கும்.

தூசிப் பை பாதிகூடப் பிடிக்காது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கும்போது வேக்குவம் குழாயை மாட்டி, முகமூடியும் போடுங்கள்.

எடுத்துச் செல்லும்போது தலையை இறக்கி லாக் பின்னைச் செருகிப் பூட்டி, ஸ்லைடையும் பூட்டி, மேல் கைப்பிடியில் தூக்குங்கள். வேலை செய்யும் கைப்பிடியிலோ ஃபென்ஸிலோ தூக்கினால் அமைப்பு நகரும். வண்டியில் குலுங்கிப் போன ஒவ்வொரு முறையும், முதல் வெட்டுக்கு முன் 0 டிகிரியில் மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.