விளையாட்டா, ஸ்டார் வேட்டையா? பாலர் வகுப்பில் நான் சொதப்பியவை

மொரிஷியஸில் நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க விளையாட்டை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த, இங்கே எல்லோரும் பேசும் மொழி), டிவியில் பிரெஞ்சு, தமிழ் காதில் விழுவது வகுப்பில் இருக்கும் அந்த அரை மணி நேரம்தான். அதையும் நான் எப்படியெல்லாம் வீணாக்கினேன் என்று சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு ஸ்டார் சார்ட். சுவரில் பெயர்களை வரிசையாக எழுதி, ஒரு எழுத்து எழுதினால் ஒரு ஸ்டார், பத்து சேர்ந்தால் மிட்டாய் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் அமர்க்களம். மூன்றாவது வாரம், அதுவரை யாரும் சொல்லாமலே தரையில் குப்புறப் படுத்து 'அ'வுக்கு மீசை வரைந்துகொண்டிருந்த பையன் கிரேயானைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்கிறான்: "மிஸ், கோம்யே ஜெட்வால்?" எத்தனை ஸ்டார் என்று. சுருக்கென்றது.

இதை 1973-இலேயே லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவர் ஸ்டான்போர்டில் ஒரு நர்சரியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு அதையே சொல்லாமல் கொள்ளாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து மார்க்கர் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்தபோது, முன்பே பேரம் பேசப்பட்டவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய குழுவுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆக, வில்லன் பரிசு இல்லை, பேரம். செருப்பை வரிசையாக வைப்பது, கட்டைகளை அடுக்கி மூடுவது மாதிரி யாருக்கும் ஆசையே இல்லாத வேலைக்கு ஸ்டார் கொடுத்தால் எனக்கு ஆட்சேபமில்லை, கெடுவதற்கு அங்கே ஆசை இருந்தால்தானே!

அப்புறம் மியூசிக்கல் சேர். ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் எழுத்தை ஒட்டி, பாட்டு நின்றதும் உட்கார்ந்த எழுத்தைச் சொல்லத் தெரியாதவர் அவுட் என்று வைத்தேன். முதலில் அவுட் ஆகிறது யார்? 'ழ' தெரியாத பிள்ளை. அந்த எழுத்தை இன்னும் பத்து தடவை கேட்க வேண்டிய பிள்ளையை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்தவர்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். இப்போது நாற்காலியை மட்டும் எடுக்கிறேன், பிள்ளையை எடுப்பதில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே நாற்காலியில் ஏறிச் சரிந்து 'ழ' என்று கத்துவார்கள். கொஞ்சம் சத்தம்தான், பக்கத்து வகுப்பு மிஸ் பொறுத்துக்கொள்கிறார்.

விதிகளைத் தமிழில் விளக்குவது இன்னொன்று. பற்றுதான் காரணம், ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட்டே புரியாமல் நேரம் போய்விடும். விதி கிரியோலில் இருக்கட்டும், அதுவும் இரண்டே வாக்கியம், பிறகு நீங்களே ஒரு தடவை ஆடிக் காட்டுங்கள். விளையாடும்போது வாயில் வர வேண்டிய சொல் தமிழாக இருந்தால் சரி.

எண் விளையாட்டில் எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒரு விஷயம் உண்டு. பிள்ளையின் காய் நாலாவது கட்டத்தில் இருக்கிறது, பகடையில் இரண்டு விழுகிறது, "ஒன்று, இரண்டு" என்று நகர்த்துகிறது. நாமும் சபாஷ் என்கிறோம். சொல்ல வேண்டியது "ஐந்து, ஆறு", அதாவது கட்டத்தில் எழுதியிருக்கும் எண். லாஸ்கி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் இந்த இரண்டு முறையையும் ஒப்பிட்டபோது, கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்திய பிள்ளைகளுக்குத்தான் எண் அறிவு கூடியது. அதற்கு முன்பு சீக்லரும் கீதா ராமணியும் நேர்வரிசையாக 1 முதல் 10 வரை எண் எழுதிய பலகையை ஒரு குழுவுக்கும், எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய அதே பலகையை இன்னொரு குழுவுக்கும் கொடுத்தார்கள். எண் பலகையில் ஆடியவர்கள் பதினைந்து இருபது நிமிடமாக நாலே தடவை ஆடியதில் முன்னேறினார்கள், நிறப் பலகைக்காரர்களுக்கு எண்ணில் ஒன்றும் ஏறவில்லை. வளைந்து வளைந்து நூறு வரை போகும் பரமபதப் படத்தை நாலு வயதில் நான் எடுப்பதே இல்லை, பாதியில் பாம்பு கொத்துவதற்குள் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும்.

கடை விளையாட்டைக் கெடுப்பது சுலபம். ஒரு பிள்ளை காகிதத்தில் தால் பூரி விற்கிறது, இன்னொன்று வாங்குகிறது, நடுவில் புகுந்து "எத்தனை? இது என்ன எழுத்து?" என்று கேட்டால் கடை மூடப்படும், பரீட்சை தொடங்கும். வேண்டுமானால் நீங்களும் வரிசையில் நின்று வாங்குங்கள். நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இருப்பதால் (1998-இல் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்த ஊராயிற்றே) உடனே ௨, ௫ என்று காட்டக் கை துறுதுறுக்கும். பொறுங்கள், முதலில் 2, 5 நன்றாக வரட்டும்.

டேப்லெட் ஆப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை: டிங் சத்தம் வரும்வரை எல்லாவற்றையும் தட்டுகிற பிள்ளை படிக்கவில்லை. மூன்று, நாலு வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது, வீட்டிலேயே அது தீர்ந்திருக்கும்.

அதற்குப் பதில் லாமரெல் போடுங்கள், நம் பாண்டியாட்டம்தான். கட்டத்தில் எண் இருக்கும், ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த எண்ணைக் கத்தியாக வேண்டும், அவுட் கிடையாது, ஸ்டாரும் கிடையாது. சாக்பீஸில் மட்டும் வரையாதீர்கள். எங்கள் வாக்வா ஊர்ப் பக்கம் மழை வந்து பத்து நிமிடத்தில் கழுவிவிட்டுப் போகும், பழைய லினோலியம் துண்டில் பெயின்ட் அடித்துச் சுருட்டி வையுங்கள்.